எடை குறைய எதைப் பிடிப்பது, சாப்பாடா நடையா?

பனியன் ஊர்க்காரன், திருப்பூர்:

வணக்கமுங்க. வயது 38, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால், மீதி நாள் டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொருத்தரையும் போனில் பிடிப்பது. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் வீட்டுக்குப் போக ராத்திரி பத்து ஆகிவிடும். சமீபத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1, அதாவது சர்க்கரை நோயின் விளிம்பு என்று வந்திருக்கிறது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், முதலில் எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் சர்க்கரை வந்து, கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் எனக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறேன். மழை பெய்தால் தவிர நிறுத்துவதில்லை. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அந்த அளவுக்கு வேர்க்கிறது. எடை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. ஒன்றிரண்டு கிலோ இறங்கும், ஊரில் ஒரு கல்யாணம், ஒரு நோம்பி என்று போய் வந்தால் பழையபடி ஏறிவிடும்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பீர்கள், அதையும் எழுதிவிடுகிறேன். காலையில் ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்குப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். மதியம் வீட்டுக் கேரியர், சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல். வாரத்தில் இரண்டு நாளாவது அம்மா அரிசியும் பருப்பும் செய்து நெய் ஊற்றிக் கட்டிக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் திரும்பவும் டீ, கூட இரண்டு போண்டா. ராத்திரி நேரமாகிவிட்டால் வழியில் மூன்று பரோட்டா, ஒரு ஆம்லெட். சீக்கிரம் வந்தால் வீட்டில் நான்கு தோசை.

ஜிம்முக்குப் போகும் நண்பன், "நடக்கறதெல்லாம் வேஸ்ட், வாயைக் கட்டு" என்கிறான். என் மாமனார், "நாங்கெல்லாம் உன்னாட்ட ரெண்டு மடங்கு தின்னோம் மாப்ளெ, வேலை செஞ்சோம், ஒண்ணும் ஆகல. இன்னும் நடக்கோணும்" என்கிறார். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது தினம் ஒரு மணி நேரமும் கொஞ்சம் பிடிவாதமும்தான். அதை எதில் போடுவது? அனுபவப்பட்டவர்கள், படித்தவர்கள் யாராவது விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.


இரும்புத் தட்டு, ஈரோடு:

அண்ணா, நான் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன்தான், ஆனாலும் சொல்கிறேன், எடை குறைய வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி என்றால் பதில் சாப்பாடு. சாப்பாடு எண்பது பங்கு, உடற்பயிற்சி இருபது பங்கு என்று ஜிம்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்த எண்ணை யாரும் அளந்து சொன்னதாகத் தெரியவில்லை, ஆனால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதில் சரியாகவே இருக்கிறது.

உங்கள் எடையில் ஒரு ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். அதே ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு 80, 90 செலவழித்திருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். நடையால் கூடுதலாகப் போனது 220 சுற்று. இப்போது ராத்திரிச் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு பரோட்டா, கடைக்குக் கடை எண்ணெய் மாறும் என்றாலும், 250க்குக் கீழே இருக்காது. அதாவது காலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்தது முழுக்க ஒரே ஒரு பரோட்டாவுக்குச் சரியாகிவிட்டது, மீதி இரண்டு பரோட்டா, சால்னா, ஆம்லெட் எல்லாம் அப்படியே நிற்கிறது. வேர்வையை வைத்தும் கணக்குப் போடாதீர்கள், அது வெறும் தண்ணீர், இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. நடையை மட்டும் நம்பினால், சாப்பாட்டில் ஒரு வாய் கூடக் கூடாமல் இருந்தால்தான், ஒரு கிலோ குறைய 35 நாள் ஆகும். நடைமுறையில் அதுவும் நடக்காது, ஏனென்றால் நடந்துவிட்டு வந்தால் பசிக்கும், நடந்துவிட்டோமே என்று மனசும் ஒரு இட்லியை அதிகம் எடுத்துக்கொள்ளச் சொல்லும். உங்கள் பேக்கரிக் கணக்கு மட்டும் தினம் 600, 700 வரும் என்று நினைக்கிறேன். இரண்டு வேளை டீ, சர்க்கரையோடு, பாலோடு, ஒரு பன், இரண்டு போண்டா. அதை நிறுத்தினால் தினம் மூன்று மணி நேரம் நடந்ததற்குச் சமம். பன் வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

நடையை விடச் சொல்லவில்லை. விட்டுவிடாதீர்கள். ஆனால் எடை இறங்கவில்லையே என்று ஒரு மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக ஆக்காதீர்கள், முட்டிதான் போகும்.


மேட்டாங்காடு, கோபி பக்கம்:

ஈரோட்டுத் தம்பி போட்ட கணக்கைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாமனார் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் கூடாதுங்க.

எங்கள் அப்பாரு கவலை ஓட்டினவர், அதாவது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணி இறைத்தவர். விடிகாலையில் மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறுகிற வரைக்கும் முன்னும் பின்னும் நடைதான். அப்புறம் களை வெட்டு, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுப்பது, பொழுதோட கட்டுத்தறிக்கு வந்து தண்ணி காட்டுவது. மத்தியானம் ஒரு வட்டல் நிறையக் களி, கொள்ளுப் பருப்பைக் கடைந்து ஊற்றிச் சாப்பிடுவார். அந்த அளவுக் களியை இன்று நான் சாப்பிட்டால் எழுந்திருக்க முடியாது. கடைசி வரைக்கும் அவருக்கு வயிறு ஒட்டித்தான் இருந்தது. எனக்கு அதே காடுதான், அதே கிணறுதான், ஆனால் மோட்டாரைச் செல்போனில் போடுகிறேன், சொட்டுநீர் தானாகப் பாய்கிறது, உழவுக்கு டிராக்டர், ஊருக்குள் போக வண்டி. எங்கள் ஊரில் என் வயசுக்காரர்கள் பாதிப்பேருக்கு வேட்டி வயிற்றுக்குக் கீழேதான் நிற்கிறது. விவசாயிதான், ஆனால் சர்க்கரை மாத்திரை எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

அதனால் என் எண்ணம் என்னவென்றால், ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி 23 மணி நேரமும் உட்கார்ந்தும் படுத்தும் இருந்தால் அதை உழைப்பு என்றே சொல்ல முடியாது. நாள் பூராவும் உடம்பு அசையவேண்டும். சாப்பாட்டைக் குறை, சாப்பாட்டைக் குறை என்று சொல்லிச் சொல்லி, வயசுப் பையன்கள் எல்லாம் அரை வயிறு தின்றுவிட்டுச் சோர்ந்து கிடப்பதைப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.


உணவு ஆலோசகர், சிங்காநல்லூர்:

நான் கோவையில் டயட்டீஷியனாக வேலை செய்கிறேன். தினமும் இந்தக் கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கோபி அண்ணாவுக்கு. உழைத்ததால் ஒல்லியாக இருந்தார்கள் என்றுதான் நாம் எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம். டான்சானியாவில் ஹட்ஸா என்று ஒரு வேட்டைச் சமூகம் இருக்கிறது. ஆண்கள் வில்லோடு நாள் முழுக்கக் காட்டில் நடப்பார்கள், பெண்கள் கிழங்கு தோண்டுவார்கள். அவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி செலவழிக்கிறார்கள் என்று ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடம்பு அளவைக் கழித்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அமெரிக்கர்கள் செலவழிப்பதற்கும் அவர்கள் செலவழிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் அதிகம் உழைத்தால் உடம்பு வேறு பக்கம் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்று அவர் விளக்கம் சொல்கிறார். எவ்வளவு சுருக்குகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் விவாதம் உண்டு, ஆனால் நடைக்கு நாம் போடும் கணக்கு அப்படியே கொழுப்பில் கழியாது என்பதில் சந்தேகம் இல்லை.

அப்படியானால் உங்கள் அப்பாரு ஏன் ஒல்லியாக இருந்தார்? அவர் வட்டலில் என்ன இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். களியும் கொள்ளும். நெல்லுச் சோறு நோம்பிக்கும் ஒரம்பரை வந்தாலும்தான். எண்ணெய் தாளிக்கிற அளவு. பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் பேக்கரி கிடையாது. ஒரு வட்டல் களி பார்க்க மலை மாதிரி இருந்தாலும் அதில் பெரும்பகுதி தண்ணீர், கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும். வயிறு நிறைந்துவிடும், கலோரி அவ்வளவாக ஏறாது. மூன்று பரோட்டா வயிற்றில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும், கலோரியில் அந்தக் களியைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நடை வீண் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். திருப்பூர் சகோதரருக்கு எடை மட்டும் பிரச்சினை இல்லை, 6.1 இருக்கிறது, அப்பாவுக்கு வந்த வரலாறு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வந்தது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு வரைக்கும் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அந்த இரண்டாவது கூட்டத்துக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! எடை காட்டும் முள் நகராதபோதும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருந்தது. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அது ஒரு காரணம். ஆக நீங்கள் இத்தனை மாதம் நடந்தது எதுவும் வீணாகவில்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 31. நம் ஊர் உடம்புக்கு 23 தாண்டினாலே அதிகம், 25 தாண்டினால் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் நமக்கு அதே எடையில் வெள்ளைக்காரர்களைவிட வயிற்றில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. ஒரு டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் வரவேண்டும். 60 கிலோவுக்கு வரவேண்டும் என்றெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம். அமெரிக்காவில் 2002இல் வந்த பெரிய ஆய்வில் வைத்த இலக்கு 7 சதவீத எடை, வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி. அதற்கே சர்க்கரை வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 6 கிலோ. அவ்வளவுதான் முதல் இலக்கு.

சாப்பாட்டில் நான் பார்க்கும் பெரிய குறை, அளவைவிடவும், புரதம் இல்லாதது. இட்லி, பன், சோறு, போண்டா, பரோட்டா, விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் மாவுச்சத்து. தினம் 70 கிராம் அளவுக்குப் புரதம் தேவைப்படுகிற இடத்தில் நீங்கள் பாதியைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, காலையில் மூன்று இட்லியோடு இரண்டு முட்டை வையுங்கள், பதினொரு மணிப் பசி தன்னால் குறையும். மதியம் சோற்றின் அளவில் பாதியைக் காய்க்கும் பருப்புக்கும் கொடுத்துவிடுங்கள். கொள்ளு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது கொழுப்பைக் கரைக்கும் என்று காலையில் கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதே மாதிரி கம்பு, ராகி, சாமை எல்லாமும் தானியம்தான். எடைக்கு எடை பார்த்தால் அரிசிக்குச் சமமான கலோரி. சாமை பிரியாணி என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

உங்கள் ஒரு மணி நேரத்தையும் கொஞ்சம் பிரித்துவிடுங்கள். காலையில் நாற்பது நிமிடம் நடை போதும். மதியமும் ராத்திரியும் சாப்பிட்டு முடித்தவுடன் பத்துப் பத்து நிமிடம் கம்பெனி வளாகத்திலோ தெருவிலோ நடங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் அதில் நன்றாகக் குறையும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடையைச் சுருக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு எடை தூக்குவது. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் போகும், அதைப் பிடித்துவைக்க இது வேண்டும்.


பனியன் ஊர்க்காரன், திருப்பூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நடந்தது வீண் இல்லை என்று படித்ததும் மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது.

நடைமுறைச் சிக்கல் இரண்டு இருக்கிறது. ஒன்று அம்மா. சாப்பாட்டைக் குறைத்தால் "உடம்புக்கு என்னமோ ஆயிருச்சு, எளச்சுப் போயிட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார். வைக்கிற அளவைக் குறைக்கச் சொன்னால் சண்டை. எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் ருசி இருக்காது என்கிறார். இரண்டாவது ராத்திரி. ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், ஏழு மணிக்கு நான் செக்கிங் டேபிளில் நிற்பேன். வெளியே வந்தால் திறந்திருப்பது பரோட்டாக் கடை மட்டும்தான்.


தறி வீடு, சோமனூர்:

தம்பி, நான் சமைக்கிற ஆள், அதனால் அந்தப் பக்கமிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தபோது முதலில் நான் கணக்குப் பார்த்தது எண்ணெய். நான்கு பேர் இருக்கிற வீட்டில் மாதம் 5 லிட்டர் டின் ஒன்று காலியாகிக்கொண்டிருந்தது. பேரன் கணக்குப் போட்டுக் காட்டினான், ஆளுக்குத் தினம் 330 கலோரிக்கு மேல், வெறும் எண்ணெயிலேயே. ஈரோட்டுத் தம்பி சொன்ன ஒரு மணி நேர நடையைவிட அதிகம். அத்தனையும் யார் கண்ணுக்கும் தெரியாமல் பொரியலிலும் தோசையிலும் சட்னித் தாளிப்பிலும் போனது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதனால் மாசம் பிறந்ததும் 2 லிட்டரைத் தனியாக ஒரு தூக்கில் ஊற்றி வைத்துவிடுவேன், அதற்குள் ஓட்டவேண்டும். டின்னிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுகிற பழக்கம் நின்றாலே பாதி குறைந்துவிடும். தோசைக்கு அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் போதும், சுற்றி ஊற்ற வேண்டியதில்லை. கல் பழகியிருந்தால் ஒட்டாது.

அரிசியும் பருப்பும் விடவேண்டாம். சோறும் பருப்பும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற நம் ஊர்ச் சாப்பாடு அது. நாங்கள் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்புப் போடுவோம். இப்போது முக்கால் டம்ளர் போடுகிறேன், கூடவே சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் கூடுதலாக. கொஞ்சம் குழைவாக வரும், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் ருசி குறையாது. நெய்யைத் தாளிப்பில் ஊற்றினால் எங்கே போனதென்றே தெரியாது, சாப்பிடும்போது மேலாக ஒரு ஸ்பூன் விட்டால் அதன் வாசனையே போதும். கேரியரில் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் காய், ஒரு கிண்ணம் தயிர் என்று மாற்றிக் கட்டச் சொல்லுங்கள், அப்போது அம்மாவுக்கும் குறைவாகக் கட்டினோம் என்று இருக்காது.

அம்மாவிடம் டயட் என்ற பேச்சை எடுக்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் பட்டினி என்றுதான் எங்களுக்குப் படும். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வரப் பார்க்கிறது, வராமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் அம்மா என்று சொல்லுங்கள். அந்த விரலுக்குக் கட்டுப் போட்டு விட்டவர் அவர். அதற்கப்புறம் நீங்களே கேட்டாலும் நெய் கிடைக்காது.


முட்டை ஊர், நாமக்கல்:

ராத்திரிக்கு வழி சொல்கிறேன். பரோட்டாக் கடையில் பரோட்டா மட்டுமா இருக்கிறது? நம் பக்கத்துக் கடைகளில் கலக்கி, அதாவது அரை வேக்காட்டில் எடுக்கும் முட்டை, எப்போதும் கிடைக்கும். இரண்டு கலக்கி, இரண்டு இட்லி, போதும். எண்ணெய் கொஞ்சமாக விடச் சொன்னால் விடுவார்கள். இல்லையா, கேரியரில் சின்ன டப்பா ஒன்று கூடுதலாகக் கட்டிக்கொண்டு ஏழரைக்கு இரண்டு சப்பாத்தியோ சுண்டலோ கம்பெனியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு பத்து மணிக்கு ஒரு கடை வாசலில் போய் நின்றால் எந்த மன உறுதியும் நிற்காது, பசியைக் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே அடக்கிவிடவேண்டும்.

நான் 94 கிலோவிலிருந்து 78க்கு வந்தவன், இன்னும் 78லேயே இருக்கிறேன். இறக்கியது சாப்பாடு. இறங்கின இடத்தில் பிடித்துவைத்திருப்பது உடற்பயிற்சி. இந்த இரண்டாவது பாதியை இங்கே யாரும் சரியாகப் பேசவில்லை என்று படுகிறது, அதனால்தான் எழுத வந்தேன்.

அமெரிக்காவில் டிவியில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்று நடத்தினார்கள், வெறித்தனமான உடற்பயிற்சி, கடுமையான உணவுக் கட்டுப்பாடு. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்து 2016இல் வெளியிட்டார். பெரும்பாலானவர்களுக்கு எடை நிறையவே திரும்பியிருந்தது. அதைவிட முக்கியம், அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிடத் தினம் 500 அளவுக்குக் குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழித்தும்! வேகமாக இறக்கினால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்கிவிடுகிறது. அதே ஆட்களில் எடையைக் கொஞ்சம் தக்கவைத்தவர்கள் யார் என்று பார்த்தால், உடல் உழைப்பை அதிகமாக்கித் தொடர்ந்தவர்கள்தான். அங்கேயே 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடும் இருக்கிறது, 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது அப்படியே வைத்திருப்பவர்கள் அதில் பதிவு செய்வார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தினம் ஒரு மணி நேரம் சுற்று உடற்பயிற்சி செய்கிறவர்கள்.

என் தங்கை இதற்கு எதிர்ப்பக்கம். ஒரு எடைக்குறைப்பு நிலையத்தில் சேர்ந்தாள், பெயர் வேண்டாம். இரண்டு வேளை பவுடரைக் கரைத்துக் குடி, ஒரு வேளை சாப்பிடு, நடக்கவே வேண்டாம் என்றார்கள். எடை மளமளவென்று இறங்கியது, எல்லாரும் கைதட்டினோம். அப்புறம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, மாடிப்படி ஏறினாலே கால் நடுங்கியது. பவுடருக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியதும் போன எடை எல்லாம் வந்து சேர்ந்தது, போன தசை வரவில்லை. ஒரு பக்கம் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே மறுபக்கம் மடையைத் திறந்துவிட்ட கதை. நடந்து பழகாத உடம்பு சாப்பாட்டுக் கட்டுப்பாடு தளர்ந்த முதல் நாளிலிருந்தே ஏற ஆரம்பித்துவிடும். உங்களுக்கு நடைப்பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது, பாதிக்கு மேல் தாண்டிவிட்டீர்கள் என்றே சொல்வேன்.


மேட்டாங்காடு, கோபி பக்கம்:

டயட்டீஷியன் அம்மிணி சொன்ன வேட்டைக்காரர் விஷயம் எனக்குப் புதிது, நன்றாக விளங்கியது. நெல்லுச் சோறு நோம்பிக்குத்தான் என்று சொன்னதும் சத்தியமான பேச்சு, எங்கள் ஆத்தா சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த வேட்டைக்காரருக்குச் சர்க்கரை உண்டா, முட்டி வலி உண்டா? வயசான காலத்தில் குச்சி இல்லாமல் நடந்தாரா இல்லையா? எங்கள் அப்பாரு எண்பது வயசில் வரப்பில் தனியாக நடந்து போனார். கலோரிக் கணக்கில் வராவிட்டாலும் அந்த உழைப்பு எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது.


உணவு ஆலோசகர், சிங்காநல்லூர்:

கோபி அண்ணா, நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். ஹட்ஸா மக்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் மிகவும் அரிது. அந்த உழைப்பு இதயத்துக்கும் எலும்புக்கும் தசைக்கும் போய்ச் சேர்ந்தது. எடை மெஷின் அதைக் காட்டாது, அவ்வளவுதான்.


பனியன் ஊர்க்காரன், திருப்பூர்:

சோமனூர் அக்கா சொன்ன மாதிரியே அம்மாவிடம் பேசினேன். அழுதுவிட்டார். ஆனால் மறுநாள் கேரியரில் அவரைக்காய்ப் பொரியலும் அவித்த முட்டை இரண்டும் இருந்தது. சாயங்காலம் போண்டாவுக்குப் பதில் அவித்த நிலக்கடலை ஒரு பிடி என்று வைத்திருக்கிறேன். டீ வேண்டாம் என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை, சர்க்கரையை மட்டும் பாதியாக்கியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்விங்க. கம்பெனிப் பையன்கள் மாசிப் பட்டத்தில் வெள்ளியங்கிரி ஏறலாம் என்று கூப்பிடுகிறார்கள். ஏழு மலை ஏறி இறங்கினால் ஒரே ராத்திரியில் ஒரு கிலோவாவது இறங்கும் என்கிறார்கள். போகலாமா?


உணவு ஆலோசகர், சிங்காநல்லூர்:

எடைக்காகப் போகாதீர்கள். இறங்கி வந்ததும் முள் குறைவாகக் காட்டும், அது வேர்வையில் போன தண்ணீர், அடிவாரத்தில் குடித்ததும் திரும்பிவிடும். சாமிக்காகப் போகிறீர்கள் என்றால் அதற்கு வேறு தயாரிப்பு வேண்டும். 2024 சீசனிலேயே மலை ஏறும்போது உடம்பு முடியாமல் சிலர் இறந்துபோனார்கள். இதயப் பிரச்சினை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஏறவேண்டாம் என்று வனத்துறையும் சொல்கிறது. உங்களுக்குச் சர்க்கரையின் விளிம்பு, 88 கிலோ, குடும்ப வரலாறு. முதலில் ஒரு ஈசிஜியும் ரத்த அழுத்தமும் பார்த்து, மருத்துவர் சரி என்று சொன்னால் சென்னிமலைப் படியில் ஆரம்பியுங்கள். 1320 படி, வாரத்தில் ஒரு நாள், நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. ஏறுவதில் நெஞ்சுக்கு வேலை, இறங்குவதில் முட்டிக்கு வேலை, அதனால் இறங்கும்போதுதான் அதிகம் நிதானம் வேண்டும். அடுத்த நாள் முட்டி வலிக்கவில்லை, பேசிக்கொண்டே ஏற முடிகிறது என்கிற நிலை வந்த பிறகு, இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வெள்ளியங்கிரிக்குப் போங்கள். இடுப்பு அளவை எழுதி வைத்தீர்களா என்று சொல்லவே இல்லையே, அதையும் இங்கே போடுங்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது சேர்த்துப் பார்க்கலாம்.